கோப்பு திறந்தால் போதுமா? எக்ஸ்.எம்.எல். விதிமொழிகளைக் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பில் சிறு வணிகர்களுக்காக வெளிவந்த மின்-விலைப்பட்டியல் கட்டுரையை விருப்பத்தோடு படித்தேன். நம் மக்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் தட்டுத்தடுமாறிப் படிக்க வேண்டிய ஒன்றைத் தெளிந்த தமிழில் தந்தமைக்கு நன்றி. ஆனால் அதில் ஓர் இடத்தில், விலைப்பட்டியல் விவரங்களைக் கணினி படிக்கும்படி பெயரிட்டு எழுதும் எக்ஸ்.எம்.எல். கோப்பை உலாவியில் திறந்து பிழைச் செய்தி எதுவும் வராவிட்டால் கோப்பு சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம் என எழுதப்பட்டிருந்தது. பட்டர்வொர்த்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறு கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் பராமரித்து வருபவன் என்ற முறையில், அந்த ஒரு வாக்கியத்தை நம்பி யாரும் கணினியை மூடிவிடக் கூடாது என்பதற்காக இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1998 பிப்ரவரி 10 ஆம் நாள் பரிந்துரையாக வெளியிட்டபோதே, ஒரு கோப்பு ‘நன்கமைந்தது’ என்பதையும் ‘செல்லத்தக்கது’ என்பதையும் இரண்டு தனி நிலைகளாகப் பிரித்து வைத்தது. திறந்த டேக் (கோண அடைப்புக்குள் இடும் பெயர்) ஒவ்வொன்றும் மூடப்பட்டிருக்க வேண்டும், திறந்த டேக்கு முதல் மூடிய டேக்கு வரையுள்ள உறுப்புகள் ஒன்றனுள் ஒன்று முறையாக அடங்க வேண்டும், எல்லாவற்றையும் தாங்கும் வேர் உறுப்பு ஒன்றே இருக்க வேண்டும் என்பன போன்ற எழுத்திலக்கணம்தான் முதல் நிலை. உலாவி பார்ப்பது இதை மட்டுமே. எக்ஸ்.எம்.எல். டேக்குகளின் பெயர்கள் தமிழிலும் இருக்கலாம் என்பதால் ஓர் எடுத்துக்காட்டைத் தமிழிலேயே தருகிறேன்:

<பட்டியல்><தேதி>பிப்ரவரி 30</தேதி><மொத்தம்>நிறைய</மொத்தம்></பட்டியல்>

இந்த வரியை எந்த உலாவியும் மறுபேச்சின்றித் திறக்கும். இல்லாத தேதியும் எண்ணே அல்லாத தொகையும் அதற்கு ஒரு பொருட்டல்ல. விற்றவர் யார், வாங்கியவர் யார் என்ற விவரமே இல்லாததும் அதற்குத் தெரியாது. இந்த வகைக் கோப்பில் என்னென்ன உறுப்புகள் வர வேண்டும், எந்த வரிசையில், எத்தனை முறை, ஒவ்வொன்றினுள்ளும் எவ்வகை மதிப்பு என்பதை வேறொரு கோப்பில் விதியாக எழுதிவைத்து, அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இரண்டாம் நிலை கைகூடும். அந்த விதிக் கோப்பைத்தான் ஸ்கீமா என்கிறோம். அதை எழுதுவதற்கென்றே சில மொழிகள் உள்ளன.

அவற்றுள் மூத்தது டி.டி.டி. எனப்படும் ஆவண வகை வரையறை. இது எக்ஸ்.எம்.எல்.லுக்கு முன்னோடியாகிய, 1986 இல் ஐஎஸ்ஓ 8879 என்ற அனைத்துலகத் தரமாக வந்த எஸ்.ஜி.எம்.எல்.லிலிருந்து வந்த சொத்து. பட்டியலுக்குள் தேதி ஒன்று, பொருள் ஒன்றோ பலவோ, மொத்தம் ஒன்று என்று சொல்ல இது போதும். தேதி என்ற இடத்தில் உண்மையிலேயே தேதி இருக்கிறதா என்று கேட்க இதற்கு வழியில்லை. உறுப்புக்குள் இருக்கும் எழுத்தெல்லாம் இதற்கு வெறும் எழுத்தே. வெவ்வேறு இடங்களிலிருந்து வரும் ஒரே பெயரைப் பிரித்தறிய உதவும் பெயர்வெளிகளையும் இது அறியாது. மேலும், டி.டி.டி.க்குள் சுருக்கக் குறிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, சிறிய கோப்பை நினைவகத்தில் ஊதிப் பெருக்கிக் கணினியையே திணறடிக்க முடியும் என்பதால், வெளியார் அனுப்பும் கோப்புகளை வாங்கும் பல மென்பொருள்கள் அந்த வசதியை அடைத்தே வைத்திருக்கின்றன. பழைய நூற்பதிப்புத் துறையில் இதற்கு இன்றும் இடமுண்டு. புதிதாகத் தொடங்குவோருக்கு நான் இதைச் சொல்வதில்லை.

நம் வணிகர்களைத் தொடுவது 2001 மே 2 ஆம் நாள் டபிள்யூ3சி பரிந்துரையாக வந்த எக்ஸ்.எம்.எல். ஸ்கீமா, சுருக்கமாக எக்ஸ்.எஸ்.டி. இதன் விதிக் கோப்பும் எக்ஸ்.எம்.எல். வடிவிலேயே இருக்கும். இதன் பெரும் வலிமை மதிப்பு வகைகள். எழுத்துச்சரம், பதின்ம எண், தேதி, நேரம், ஆம்-இல்லை என்று 19 அடிப்படை வகைகளை வைத்துக்கொண்டு, அவற்றை மேலும் குறுக்கி நமக்கு வேண்டிய வகையை வார்த்துக்கொள்ளலாம். பிப்ரவரி 30 இதன் தேதி வகைக்குள் நுழையவே முடியாது. நாம் கைப்பழக்கமாக எழுதும் 03/04/2025 என்பதும் நுழையாது. நமக்கு அது ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. அந்தக் குழப்பத்துக்கே இடமில்லாமல் 2025-04-03 என்ற வடிவத்தை மட்டுமே அது ஏற்கும். அதுபோலவே ‘ரி.ம. 1,250.00’ என்று எழுதினால் பதின்ம எண் வகை திருப்பி அனுப்பிவிடும். நாணயக் குறியும் ஆயிரத்தைப் பிரிக்கும் காற்புள்ளியும் எண்ணின் பகுதியல்ல. கடைக்காரர்கள் என்னிடம் கொண்டுவரும் பிழைகளில் இந்த இரண்டுக்கும்தான் முதலிடம்.

நம் மலேசியாவில் 2024 ஆகஸ்ட் 1 ஆம் தேதி, ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மின்-விலைப்பட்டியல், யூ.பி.எல். 2.1 என்ற அனைத்துலகத் தரத்தின்மேல் கட்டப்பட்டது. கணினித் தரங்களை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பு 2013 இல் வெளியிட்ட அத்தரத்தின் விதிகள் எக்ஸ்.எஸ்.டி.யில் எழுதப்பட்டவை. அதில் உறுப்புகளின் வரிசையும் விதியே. விற்பவர் விவரம் முதலில், வாங்குபவர் விவரம் பின்பு என்பது நமக்கு இயல்பாகவே படும். ஆனால் மொத்தத் தொகை, பொருள் வரிகளுக்கு முன்னால் வர வேண்டும் என்பது, மொத்தத்தை எப்போதும் பில்லின் அடியில் போட்டுப் பழகிய நமக்குத் தலைகீழாகத் தோன்றும். எல்லா விவரமும் சரியாக இருந்தும் இடம் மாறி நின்ற ஒரே காரணத்தால் கோப்பு திரும்பி வந்த கதைகள் பல உண்டு. அரசின் மைஇன்வோய்ஸ் தளம் கோப்பைப் பெற்றவுடன் அமைப்பையும், அடுத்தடுத்த படிகளில் குறியீடுகள், வரி எண் முதலியவற்றையும் பார்க்கிறது. மாநிலம் என்ற இடத்தில் ‘பினாங்கு’ என்று எழுத முடியாது; 07 என்ற குறியீடே செல்லும். கோலாலம்பூருக்கு 14.

எக்ஸ்.எஸ்.டி. பார்க்காதது எது என்பதற்கும் இதே விலைப்பட்டியலிலிருந்து ஒரு சான்று தரலாம். பட்டியலின் தேதியும் நேரமும் உலகப் பொது நேரத்தில் இருக்க வேண்டும். நம் நேரம் அதைவிட எட்டு மணி முந்தியது. ஆகவே ஜோர்ஜ்டவுனில் விடிய விடியத் திறந்திருக்கும் ஒரு நாசி கண்டார் கடை, முதல் தேதி அதிகாலை 2 மணிக்குப் போடும் பில், கோப்பில் முந்தைய மாதத்தின் கடைசி நாள் மாலை 6 மணியாகப் பதிவாக வேண்டும். மென்பொருளை எழுதியவர் இதை மறந்து உள்ளூர் நேரத்தையே எழுதி, அதன் பின்னால் பொது நேரத்தின் குறியை ஒட்டிவிட்டால், ஸ்கீமா எந்தக் குறையும் சொல்லாது. அந்தத் தேதியும் செல்லத்தக்க தேதி, அந்த நேரமும் செல்லத்தக்க நேரம். விதிக்கு உட்பட்ட பொய்யை எந்த ஸ்கீமாவும் கண்டுபிடிப்பதில்லை.

விலைப்பட்டியலைப் பொறுத்தவரை மொழி எது என்பதை வேறு யாரோ நமக்காக முடிவு செய்துவிட்டார்கள். நாமே முடிவு செய்ய வேண்டிய வேலை ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. பினாங்கிலும் கெடாவிலும் உள்ள நான்கு சிறு நூலகங்களின் தமிழ் நூற்பட்டியல்களை ஒன்றாக்கும் வேலை அது. நான்கும் எக்ஸ்.எம்.எல். கோப்புகள், நான்கும் நன்கமைந்தவை, நான்கும் உலாவியில் அழகாகத் திறந்தன. ஒன்றில் பதிப்பாண்டு 1964. இன்னொன்றில் ‘சுமார் 1964’. மூன்றாவதில் நூலின் முகப்பில் இருந்தபடியே ‘குரோதி வருடம்’. நான்காவதில் ஆண்டு விலைக்குரிய இடத்திலும் விலை ஆண்டுக்குரிய இடத்திலும் மாறி உட்கார்ந்திருந்தன. பட்டியலிட்ட தொண்டர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. என்ன எழுத வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் விதி வகுத்துத் தரவில்லை. ஸ்கீமா ஒன்றை முதல் வாரத்திலேயே எழுதியிருந்தால், பின்னால் ஏழு மாதம் உட்கார்ந்து திருத்தியிருக்க வேண்டாம்.

அப்போது முதலில் எக்ஸ்.எஸ்.டி.யில்தான் எழுதத் தொடங்கினேன். இரண்டு இடங்களில் முட்டிக்கொண்டேன். பதிவின் திறக்கும் டேக்குக்குள்ளேயே எழுதும் ‘வகை’ என்ற பண்பு ‘இதழ்’ என்றிருந்தால் இதழ் எண் கட்டாயம், ‘நூல்’ என்றிருந்தால் அது வரவே கூடாது என்பது எங்கள் தேவை. ஒரு பண்பின் மதிப்பைப் பார்த்து மற்றோர் உறுப்பின் இருப்பை முடிவு செய்ய எக்ஸ்.எஸ்.டி. 1.0 இல் வழியில்லை. விவரங்கள் எந்த வரிசையிலும் வரலாம், ஆனால் ஆசிரியர் பெயர் ஒன்றுக்கு மேல் இருக்கலாம் என்ற சாதாரண விருப்பத்தையும் அதில் சொல்ல முடியவில்லை. வரிசை வேண்டாம் என்றால் ஒவ்வோர் உறுப்பும் அதிகபட்சம் ஒரு முறைதான் வரலாம் என்பது அதன் கட்டுப்பாடு. 2012 இல் வந்த 1.1 பதிப்பு இவற்றைப் பெரிதும் தீர்த்தது என்றாலும், நாம் அன்றாடம் கையாளும் பல கருவிகள் இன்னும் 1.0 ஐத் தாண்டவில்லை.

ரிலாக்ஸ் என்.ஜி. என்ற மொழியில் அந்த இரண்டு விதிகளும் ஏறக்குறைய நான் இங்கே சொன்ன சொற்களின் அளவிலேயே முடிந்தன. ஜப்பானியரான முராதா மாகோதோ உருவாக்கிய ரிலாக்ஸ் என்ற மொழியையும், ஜேம்ஸ் கிளார்க் உருவாக்கிய டிரெக்ஸ் என்ற மொழியையும் இணைத்து 2001 டிசம்பரில் ஓயாசிஸ் வெளியிட்டது இது. 2003 இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. கிளார்க் ஆங்கிலேயர் என்றாலும் நெடுங்காலமாகத் தாய்லாந்தில் வாழ்பவர். அடுத்து நான் சொல்லப்போகும் ஸ்கீமட்ரானோ தைப்பேயில் பிறந்தது. கணினித் தரங்கள் என்றால் எங்கோ கலிபோர்னியாவில் யாரோ செய்து அனுப்புவது என்று எண்ணும் நம் பிள்ளைகளிடம், இவை நம் அக்கம்பக்கத்து ஊர்களில் செய்யப்பட்டவை என்று அவ்வப்போது சொல்லி வைப்பது நல்லது. உறுப்பையும் பண்பையும் ஒரே கண்ணோடு பார்ப்பதும், சுருக்க வடிவில் எழுதவும் படிக்கவும் எளிதாக இருப்பதும் ரிலாக்ஸ் என்.ஜி.யின் சிறப்பு. ஓபன் டாக்குமெண்ட் என்ற அலுவலக ஆவண வடிவத்தின் விதிகள் இதில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. தனக்கென்று பெரிய வகைப் பட்டியல் இதற்குக் கிடையாது. தேதி, எண் போன்றவற்றை எக்ஸ்.எஸ்.டி.யிடமிருந்தே கடன் வாங்கிக்கொள்ளும்.

இனி, குரோதி. தமிழாண்டுப் பெயர் 60 ஆண்டுக்கொருமுறை திரும்பி வருவது. குரோதி 1904 இலும் வந்தது, 1964 இலும் வந்தது, அண்மையில் 2024 இலும் வந்தது. ஆகவே பெயரோடு கிறித்துவ ஆண்டையும் எழுதச் சொன்னோம். அறுபது பெயர்களைத் தவிர வேறெதையும் ஏற்காதே என்று விதிப்பது எளிது. ஆனால் பெயரும் எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது இதுவரை சொன்ன மொழிகளின் வேலையல்ல. சித்திரையில் தொடங்கும் ஆண்டாகையால் குரோதிக்கு 1964, 1965 இரண்டுமே பொருந்தும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவ்வகைக் கேள்விகளுக்காக ரிக் ஜெலிஃப் என்பவர் 1999 இல் தைவானின் அகாடமியா சினிகா கணினி மையத்தில் உருவாக்கியதே ஸ்கீமட்ரான். 2006 இல் அதுவும் ஐஎஸ்ஓ தரமாயிற்று. கோப்பின் முழு அமைப்பையும் அது விவரிப்பதில்லை. இந்த இடத்தில் இது உண்மையாக இருக்க வேண்டும் என்ற கூற்றுகளை ஒவ்வொன்றாக எழுதி வைக்க, அவை பொய்க்கும் இடத்தை அது சுட்டிக்காட்டும். வரித் தொகைகளைக் கூட்டினால் மொத்தம் வருகிறதா, மைகார்ட் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கம் பதிவில் உள்ள பிறந்த தேதியோடு ஒத்துப்போகிறதா என்பன போன்ற கேள்விகள் இதற்கு உரியவை. அனைத்துலக மின்-விலைப்பட்டியல் வலையமைப்பான பெப்போலும் தன் வணிக விதிகளை ஸ்கீமட்ரானில்தான் வெளியிடுகிறது.

ஸ்கீமட்ரானில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. கூற்று பொய்த்தால் காட்ட வேண்டிய செய்தியை, விதி எழுதுபவர் தாமே மனித மொழியில் எழுத வேண்டும். அது எந்த மொழியாகவும் இருக்கலாம். எங்கள் நூலகப் பட்டியலில் தவறு நேர்ந்தால், “இந்த நூலின் தமிழாண்டும் கிறித்துவ ஆண்டும் பொருந்தவில்லை, முகப்பு ஏட்டை மறுபடி பாருங்கள்” என்று தமிழிலேயே செய்தி வரும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கணினி என்னைத் தமிழில் திட்டுவது இதுவே முதல் முறை என்று சிரித்தபடியே, ஒரே மாலையில் நாற்பது பதிவுகளைத் திருத்தி முடித்தார். அதற்கு முன் வந்துகொண்டிருந்த ஆங்கிலச் செய்திகளைப் பார்த்து, தாம் எதையோ உடைத்துவிட்டதாக எண்ணி அவர் கணினியையே அணைத்துவிடுவது வழக்கம்.

விதி எழுதுபவரின் மொழியறிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தமிழ்ப் பத்திரிகையில் இதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? ஸ்கீமாவில் பெயருக்கு அதிகபட்சம் 12 எழுத்து என்று ஒருவர் வரம்பு வைக்கிறார் என்று கொள்வோம். சுப்பிரமணியம் என்பது நம் கணக்கில் எட்டு எழுத்து. எக்ஸ்.எஸ்.டி. எண்ணுவது, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோட் தரத்தின் குறியெண்களை. புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும். ஆகவே அதன் கணக்கில் சுப்பிரமணியத்துக்கு 13, வரம்பைத் தாண்டிவிட்டார். பினாங்கு நமக்கு நான்கு, அதற்கு எட்டு. கோலாலம்பூரோ நமக்கு ஆறு, அதற்கு 11. அதிலும் முதல் எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகச் சேமிக்காமல் இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும் விசைப்பலகையில் அடித்திருந்தால் 12. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பட்டியலிட்ட மதிப்புகளோடு ஒப்பிடும்போது மட்டும் ஒன்று செல்லும், மற்றது செல்லாது.

பெயரில் எழுத்துகள் மட்டுமே வரலாம் என்று விதிக்கும் வழக்கம் இதைவிடக் கொடிது. யூனிகோடின் ‘எழுத்து’ என்ற வகைக்குள் உயிரும், அகரமேறிய மெய்யும், ஆய்தமும் மட்டுமே அடங்கும். கால், கொம்பு, புள்ளி முதலியவை ‘குறி’ என்ற வேறு வகை. அந்த விதியின்படி ‘கமல’ என்ற பெயர் செல்லும், ‘கமலா’ செல்லாது. குறிகளையும் சேர்த்து அனுமதிக்க வேண்டும் என்பது விதியில் ஒரு சிறு திருத்தம்தான்; ஆனால் அது தேவை என்பது தமிழோ இந்தியோ தாய்லாந்து மொழியோ எழுதுபவருக்குத்தான் தோன்றும். ரோமன் எழுத்தில் எழுதினாலும் நம் தொல்லை முழுதும் தீர்வதில்லை. மைகார்டில் உள்ளபடி, இன்னாரின் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி என்று அடிக்கும்போது சாய்கோட்டை ஏற்காத படிவங்களைச் சந்திக்காத மலேசியத் தமிழர் குறைவு. குடும்பப் பெயர் என்ற உறுப்பு கட்டாயம் ஒருமுறை வந்தே ஆக வேண்டும் என்று ஸ்கீமாவில் எழுதப்பட்டிருந்ததால், தனியார் சேவை ஒன்றில் என் மகளுக்கு ஏழு ஆண்டுகளாக என் பெயராலேயே கடிதம் வருகிறது. இவையெல்லாம் கணினியின் குணம் என்று நாம் பொறுத்துக்கொள்கிறோம். இவை யாரோ ஒருவர் ஒரு வரியில் எழுதிய விதி. அந்த வரியை மாற்ற முடியும்.

எனவே உறுப்பினர் பதிவேடு, நூற்பட்டியல், நன்கொடைக் கணக்கு முதலியவற்றை மின்னியல் வடிவுக்கு மாற்றத் தொடங்கியிருக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் சங்கங்களுக்கும் பள்ளி நூலகங்களுக்கும் தங்கள் இதழ் வழியாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். மென்பொருள் செய்து தருபவரிடம் விலையைக் கேட்பதற்கு முன் ஸ்கீமா கோப்பைக் கேளுங்கள். இல்லை என்றால் தரவு உள்ளிடத் தொடங்காதீர்கள். இருந்தால், உங்கள் உறுப்பினர்களில் மிக நீண்ட பெயருடையவர், ஓரெழுத்துத் தலைப்பெழுத்து மட்டும் உடையவர், தந்தை பெயர் பதிவில் இல்லாதவர் ஆகிய மூவரின் பதிவுகளை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சரிபார்க்கும் கருவிகளுக்குச் செலவும் இல்லை. எக்ஸ்.எம்.எல்.லின்ட் என்ற இலவசக் கருவி டி.டி.டி., எக்ஸ்.எஸ்.டி., ரிலாக்ஸ் என்.ஜி. மூன்றையும் கையாளும். கிளார்க் எழுதிய ஜிங் ரிலாக்ஸ் என்.ஜி.க்கு உரியது, அவரே எழுதிய டிராங், கையில் இருக்கும் மாதிரிக் கோப்புகளைப் பார்த்து ஸ்கீமாவின் முதல் வரைவைத் தானே எழுதித் தரும். அந்த வரைவை அப்படியே ஏற்காமல் வரிவரியாகப் படித்துத் திருத்த வேண்டும். மாதிரியில் இல்லாத கமலாக்களை அது அறியாது.

விலைப்பட்டியல் கட்டுரையின் அடுத்த பகுதியில், கோப்பை அனுப்புவதற்கு முன் யூ.பி.எல். 2.1 இன் எக்ஸ்.எஸ்.டி. கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையையும் கட்டுரையாளர் படத்துடன் விளக்கினால் கடைக்காரர்களுக்கு உதவியாக இருக்கும். ஓயாசிஸ் அக்கோப்புகளை எவரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பட்டர்வொர்த், பினாங்கு.